பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர்

சென்ட்ரலுக்குப் போகிற ரயில் எதுவானாலும் பேசின் பிரிட்ஜ் வந்ததும் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். இரவெல்லாம் பறந்து வந்த வண்டிக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் கால் வராது. பெட்டி படுக்கைகளை வாசலுக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லாரும் தயாராக நிற்பார்கள். சிக்னல் மட்டும் விழாது. சில வருஷங்களுக்கு முன் அப்படி நின்ற ஒரு காலை வேளையில், எதிர் ஆசனத்து இளைஞர் ஒருவர் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் அதன் அடியில் ரயில்வே தலையணையைச் செருகிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, இப்படிக் கொதிக்கிறது?” என்றேன்.

“நிறையத் திறந்து வெச்சிருக்கேன் சார். முப்பத்திரண்டு ஜிபி ரேம். போதலை. அறுபத்துநாலா மாத்தப் போறேன்.”

“அவ்வளவும் எதற்கு?”

“மெமரி சீப் சார். கரண்டும் ஒண்ணும் பெரிசா ஆகாது.”

நல்ல பையன். என் மூட்டையைத் தானே இறக்கிக் கொடுத்தவன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன இடம் என்னை உறுத்தியது. மின்சாரம் வானத்திலிருந்து வருவதில்லை, எங்கோ எதையோ எரித்தால்தான் வருகிறது என்பதைச் சென்னைக்கு முதலில் காட்டிய இடங்களில் பேசின் பிரிட்ஜும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பரேஷன் இங்கே நிலக்கரியை எரித்துத்தான் ஊருக்கு விளக்கேற்றியது. 1947இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. பழைய நீராவி யந்திரங்கள் போனபின், 1996இல் அதே பேட்டையில் 30 மெகாவாட் வீதம் நாலு சுழலிகள், ஆக 120 மெகாவாட், நாப்தாவில் ஓடும்படி அமைத்தார்கள். நாப்தா விலை உயர்ந்த எண்ணெய். ஆகவே ஊர் மின்சாரத்துக்குத் தவிக்கிற வேளைக்கென்று அதை வைத்திருந்தார்கள், தேவையில்லாதபோது அணைத்துவிடுவார்கள். வேலை இல்லாதபோது அணைந்து நிற்பது என்ற நாகரிகம் அந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. தம்பியின் மடியில் இருந்ததற்குத் தெரியவில்லை.

நான் கதை எழுதுகிறவன். காலேஜில் பௌதிகத்தைப் பாதியில் விட்டவன். ஆனாலும் ‘மெமரி சீப்’ என்கிற அந்த இரண்டு வார்த்தை பொய் என்று சொல்ல அந்த அரைகுறைப் பௌதிகமே போதும்.

கம்ப்யூட்டரின் பிரதான ஞாபகம் கல்வெட்டு அல்ல. கல்வெட்டுக்குச் செலவு செதுக்குகிற அன்றைக்கு மட்டும்தான். அதன்பின் ஆயிரம் வருஷம் சோறு கேட்காமல் நிற்கும். இது ஓட்டைக் குடம். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை குடத்துக்கும் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த குடம் என்றால் ஒன்று. காலிக் குடம் என்றால் பூஜ்யம். உங்கள் கடிதம், கணக்கு, கல்யாணப் போட்டோ எல்லாம் இந்த ஒன்றும் பூஜ்யமும்தான். குடம் ஒழுகுகிறதே, என்ன செய்வது? ஓர் ஆள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓயாமல் நடந்து, பாதிக்கு மேல் இருக்கிற குடத்தை விளிம்பு வரை நிரப்பி, பாதிக்குக் கீழே இருப்பதைக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். ஒரு சுற்று தவறினால் எது நிறைகுடம், எது வெறுங்குடம் என்று தெரியாமல் போய்விடும். உங்கள் கல்யாணப் போட்டோ போயிற்று.

இந்தக் குடத்தை வனைந்தவர் ஐ.பி.எம். கம்பெனியின் ராபர்ட் டென்னார்ட். 1966இல் யோசனை, 1968இல் காப்புரிமை. ஒரு டிரான்ஸிஸ்டர், மின்னேற்றத்தைத் தேக்க ஒரு கபாஸிட்டர், அவ்வளவுதான். ஒழுகுகிற இந்த இனத்தில் முதன்முதல் சந்தையைப் பிடித்த சில்லு 1970இல் இன்டெல் கம்பெனி விற்ற 1103. அதில் இருந்தவை 1,024 குடங்கள். ரயிலில் பார்த்த தம்பியின் மடியில் இருந்தவை சுமார் 27,500 கோடி. வழக்கமான விதி என்னவென்றால், ஒவ்வொரு குடத்தையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். அதாவது நாளொன்றுக்குப் பதின்மூன்றரை லட்சம் தடவை. சில்லின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசமும் பாதியாகிவிடும்.

முன்பிருந்த ஞாபகம் இப்படியல்ல. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய யந்திரம் வந்தது. அந்த ரகத்தின் பிரதான ஞாபகம் காந்த வளையங்களால் ஆனது. பொடிப்பொடி வளையங்களைக் கம்பியில் பூத்தொடுப்பது போலக் கோத்தது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த வளையம் திரும்பிய பக்கத்திலேயே கிடக்கும், சொன்னதை மறக்காது. அதைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. வேகம் குறைவு, விலை அதிகம், ஒரு வளையத்தைப் புரட்டுவதற்கே நல்ல மின்னோட்டம் வேண்டும். தம்பியின் லாப்டாப் ஞாபகத்தை அதில் கட்டுவதென்றால் கட்டடம் கட்டடமாக வேண்டியிருக்கும். ஒழுகுகிற குடத்தை நாம் தெரிந்தேதான் வாங்கினோம், நியாயமான பேரம்தான். ஆனால் அந்தப் பேரத்தில் நாம் கொடுக்க ஒப்புக்கொண்ட பாக்கி, மின்சாரம். அதை மறைத்துவிட்டு ‘மெமரி சீப்’ என்பது, தவணையில் வாங்கிய ஸ்கூட்டருக்கு முதல் தவணையை மட்டும் விலையாகச் சொல்லிப் பெருமை அடிப்பது மாதிரி.

சரி, பேரம் பேசியாயிற்று, ஒழுகினால் ஒழுகட்டும், நிரப்பித்தானே ஆகவேண்டும் என்பீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. நிரப்புகிற முறை இருக்கிறதே, அது எந்தக் குடும்பப் பெண்ணும் ஒரு நாள்கூடச் சகிக்கமாட்டாத ஊதாரித்தனம்.

அத்தனை குடமும் ஒரே வேகத்தில் ஒழுகுவதில்லை. மிகப் பெரும்பாலானவை 64 மில்லி செகண்டைப் போலப் பல மடங்கு நேரம் தாங்கும். எங்கோ இருக்கிற சில சோனிக் குடங்களுக்காகத்தான் எல்லாவற்றையும் சோனி என்று வைத்து ஓட்டம் ஓடுகிறார்கள். 2012இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் சர்வகலாசாலைக்காரர்கள் ‘ரெய்டர்’ என்று ஒரு முறையைச் சொன்னார்கள். வரிசைகளை ஒழுக்கின்படி தரம் பிரித்து வைத்துக்கொள். சோனி வரிசைக்கு அடிக்கடி போ, மற்றதற்கு மெதுவாகப் போ. சொல்லப்போனால் நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த சாஸ்திரம்தான். மாதிரி ஓட்டிப் பார்த்ததில் நிரப்பும் வேலையில் 74.6 சதவீதம் மிச்சமாயிற்று. ஞாபகத்தின் மின்செலவு சராசரியாக 16.1 சதவீதம் குறைந்தது. இதிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. நேற்றுவரை ஒழுங்காக இருந்த குடம் இன்றைக்குத் திடீரென்று ஒழுகத் தொடங்குவதுண்டு, கண்காணிப்பு வேண்டும். கண்காணிப்பது கஷ்டம் என்பதற்காகக் காலமெல்லாம் எல்லாக் குடத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதா?

இன்னொன்று கேளுங்கள். பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டிகளைக் கழுவிப் பழுது பார்த்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒரே ஒரு பிரயாணி அரக்கோணம் போகவேண்டும் என்று வருகிறார். அவருக்காக முழு வண்டியையும் பிளாட்பாரத்துக்கு இழுத்து வந்து, அவரை ஏற்றி இறக்கிவிட்டு, மறுபடியும் முழு வண்டியையும் யார்டுக்குத் தள்ளினால் நீங்கள் ரயில்வேக்காரரை என்ன சொல்வீர்கள்? கம்ப்யூட்டரின் ஞாபகம் தினமும் இதைச் செய்கிறது. அது கேட்கிறது 64 பைட். எடுப்பதோ ஒரு முழு வரிசை, சாதாரணமாக 8,192 பைட், அதாவது 128 மடங்கு. அடுத்த பிரயாணியும் அதே வண்டியில் ஏறுகிறவராக இருந்தால் இழுத்ததற்குப் பலன் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர் சாமான்களை ஒழுங்காக அடுக்கி வைத்தால் அப்படியே நடக்கும். அவரோ, சட்டையை ஓர் அறையிலும் பித்தானை இன்னோர் அறையிலும் வைக்கிற ஆசாமி. ஒவ்வொரு பித்தானுக்கும் ஒரு வண்டி.

இந்த இரண்டையும்கூட மன்னிக்கலாம். மூன்றாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்தக் குடத்தில் இருப்பது யாருக்காவது வேண்டுமா, வேண்டாமா என்பதே நிரப்புகிறவனுக்குத் தெரியாது. வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கதவில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே குடங்கள் மட்டும் நாளொன்றுக்குப் பதின்மூன்றரை லட்சம் தடவை பராமரிக்கப்படுகின்றன! தம்பி தன் யந்திரத்தில் உள்ளதையெல்லாம் மூடிவிட்டாலும், மூடியதனால் காலியான இடத்துக்கும் நிரப்புகிற செலவு நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அறுபத்துநாலு வாங்கி ஒன்பதை உபயோகிக்கிறவர் ஐம்பத்தைந்து பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர் கட்டணம் கட்டுகிறார்.

பொறியாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னால் அது அபவாதம். டி.டி.ஆர். என்ற இன ஞாபகம் முதலில் வந்தபோது 2.5 வோல்ட் கேட்டது. அடுத்த தலைமுறை 1.8, அதற்கடுத்தது 1.5, நாலாவது 1.2, ஐந்தாவது 1.1. செலவு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது நான் பாதியில் விட்ட பௌதிகத்திலேயே வருகிறது. அந்தக் கணக்கில் ஒரே குடத்தை நிரப்ப இப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். இருபது வருஷ உழைப்பு. அதை நாம் என்ன செய்தோம்? குடத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி அந்த மிச்சத்தைக் குடித்துத் தீர்த்தோம். யந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று இங்கிலாந்தில் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே எழுதிவைத்தார். நீராவி யந்திரத்தைப் பற்றிச் சொன்னார். நம்மைப் பற்றியும் சொன்னது போலிருக்கிறது.

ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற டெலிபோனைப் பாருங்கள். அதற்கென்று தனி இனமாகக் குறைமின் ஞாபகம் செய்தார்கள். தூங்குகிற நேரத்தில் வேண்டிய பகுதியை மட்டும் நிரப்பி மற்றதை விட்டுவிடுகிற வித்தை, சூடு குறைந்தால் நிரப்புவதையும் குறைத்துக்கொள்கிற வித்தை, எல்லாம் அதில் எப்போதோ வந்துவிட்டன. ஏன் வந்தன? மத்தியானத்துக்குள் பாட்டரி தீர்ந்தால் வாங்கியவன் கடைக்காரன் முகத்தில் விட்டெறிவான். ஊதாரித்தனத்துக்குத் தண்டனை அன்றைக்கே, அந்த ஆளுக்கே கிடைத்துவிடுகிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழும்பி நிற்கிற டேட்டா சென்டர்களில் அந்தத் தண்டனை கிடையாது. அங்கே புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர், வாடகைக்கு எடுக்கிறவர் இன்னொருவர், மின்சார பில் கட்டுகிறவர் மூன்றாமவர். புகை குடிக்கிறவர் நாலாமவர். அவரை யாருக்கும் தெரியாது.

செலவு சொற்பம் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஒரு கீற்று ஞாபகம் தின்பது சில வாட்தான். ஆனால் ஒரு பெரிய செர்வரில் இருபத்துநாலு, முப்பத்திரண்டு கீற்று இருக்கும். ராத்திரி பகல் எரிகிற குண்டு பல்பு ஒன்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். 2007ஆம் வருஷத்து செர்வர்களைக் கொண்டு கூகிள் பொறியாளர்களே 2009இல் புத்தகமாக வெளியிட்ட கணக்கில், உச்ச மின்செலவில் 30 சதவீதம் ஞாபகத்துக்குப் போயிற்று; யோசிக்கிற சில்லுக்கு 33. பின்னால் வந்த யந்திரங்களில் இந்தப் பங்கு மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே பொறியாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: செர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் சக்தியில் பத்திலிருந்து ஐம்பது சதவீதம்தான் உழைக்கின்றன. பாதி ஆள் வராத கச்சேரிக்கு முழுப் பந்தல், முழு விளக்கு. உலகம் முழுவதும் டேட்டா சென்டர்கள் 2024இல் உபயோகித்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, உலகச் செலவில் ஒன்றரை சதவீதம், என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது. சொற்பமாம்!

இதில் வேடிக்கை, அவர்கள் தங்கள் சிக்கனத்தை அளக்கிற கோல். பி.யூ.இ. என்று ஒன்று, 2007இலிருந்து பரவியது. கட்டடத்துக்குள் நுழையும் மொத்த மின்சாரத்தை, செர்வர்களுக்குப் போகிற மின்சாரத்தால் வகுப்பது. ஒன்றுக்கு நெருங்க நெருங்க நல்ல பெயர். குளிர்சாதனத்தின் வீண் செலவை அது காட்டிக் கொடுத்தது. அந்த அளவில் நன்மைதான். ஆனால் செர்வருக்குள் போய்விட்ட மின்சாரம் எல்லாம் அந்தக் கோலுக்கு உழைப்பு! பூட்டிய வீட்டுக் குடத்தை நிரப்பியதும் உழைப்பு. ஒற்றைப் பித்தானுக்கு வண்டி இழுத்ததும் உழைப்பு. இன்னும் சொல்கிறேன்: ஞாபகத்தில் சிக்கனம் செய்து செர்வரின் செலவைக் குறைத்தீர்களானால், கீழே இருக்கிற எண் குறைந்து, உங்கள் பி.யூ.இ. மோசமாகக்கூடும். யோக்கியனுக்கு மதிப்பெண் குறைகிற பரீட்சையை எந்தப் பள்ளிக்கூடத்திலாவது கேள்விப்பட்டதுண்டா?

பேசின் பிரிட்ஜிலிருந்து வடக்கே மின்சார ரயிலில் ஏறினால், அத்திப்பட்டு வரைக்கும் ஒரே நேர்கோடு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் எரியத் தொடங்கி 450 மெகாவாட்டாக வளர்ந்து 2017இல் அணைந்தது. அணைந்ததற்குள் பக்கத்திலேயே வட சென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. முதல் கட்டம் 630 மெகாவாட், அடுத்த கட்டம் 1,200. வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் இன்னும் ஓர் 800 திறந்தார்கள். எல்லாம் நிலக்கரி. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. இறாலும் நண்டும் பிடித்த ஆற்றில் சேற்றுக்குப் பதில் சாம்பல் காலில் ஒட்டுகிறது என்று மீனவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இந்தச் சாம்பல் இந்த செர்வருடையது என்று யாராலும் விலாசம் எழுதமுடியாது; தெரியும். கம்பியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது. முப்பந்தல் காற்றும் அதில் உண்டு, சூரியனும் உண்டு. எங்கள் கம்பெனி காற்றாலை மின்சாரம்தான் வாங்குகிறது என்று சீட்டு நீட்டுகிறவர்களும் உண்டு. மெத்தச் சந்தோஷம். காற்று விழுந்துவிட்ட ஒரு தை மாத இரவில், சூரியனும் இல்லாத இரண்டு மணிக்கு, பூட்டிய வீட்டுக் குடங்களை நிரப்பியது யார் என்று அந்தச் சீட்டைக் கேட்டால் அது பதில் சொல்லாது. செப்பாக்கம் சொல்லும்.

தமிழ்நாட்டு சர்க்கார் 2021இல் டேட்டா சென்டர்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டுச் சலுகைகளை வாக்களித்திருக்கிறது. கொடுக்கட்டும்; ஊரில் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் சலுகை வாங்குகிறவரிடம் ஒரு கணக்குக் கேட்கவேண்டும். எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய், அதில் எவ்வளவு உபயோகத்தில் இருக்கிறது, வேலையில்லாத யந்திரங்களை எத்தனை மணி நேரம் தூங்க வைத்தாய்? மூன்று எண்தான், மாதா மாதம் பலகையில் எழுதிப் போடச் சொல்லட்டும். வாடகைக்கு விடுகிற கம்பெனிகள் இடத்துக்கு மட்டும் பணம் வாங்காமல், அந்த இடம் தின்ற மின்சாரத்தையும் பில்லில் தனி வரியாகக் காட்டட்டும். வேலைகளைப் பாதி யந்திரங்களில் ஒதுக்கி மீதிப் பாதியை அணைக்கிற வித்தை அவர்களுக்குத் தெரியாததல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடிப்படி விளக்கை அணைக்காத குடித்தனக்காரரை வீட்டுக்காரர் சும்மா விடுகிறாரா?

வீட்டு மனிதர்களுக்கு இங்கே உபதேசம் ஏராளமாக நடக்கிறது. ஃபானை அணை, ஐந்து நட்சத்திர ஃபிரிஜ் வாங்கு, ஏ.சி.யை இருபத்துநாலில் வை. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையில் நாலு பேர் படுக்கிற குடும்பத்துக்கு இருக்கிற ஒரே ஃபானின் மேல் நமக்கு இவ்வளவு கண். யாரும் படிக்காத தஸ்தாவேஜுகளைத் தலைமேல் சுமந்துகொண்டு ஏ.சி. அறையில் விழித்துக்கொண்டிருக்கிற பெட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை, அது முன்னேற்றமாம்.

இதில் ஒரு பங்கைத்தான் அன்றைக்கு ரயிலில் சொன்னேன். தம்பி பொறுமையாகக் கேட்டான். சிக்னல் விழுவதற்குள், “உங்கள் ஆபீஸில் எவ்வளவு ஞாபகம் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு உபயோகிக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லேன்” என்று என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். எழுதமாட்டான் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து எழுதினான். அவன் பொறுப்பில் இருந்த யந்திரங்களில், மிக நெருக்கடியான நாளில்கூட, எடுத்த ஞாபகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேலை இருக்கவில்லையாம். பாதியைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த பில் நம்ம கட்டறதில்லையேப்பா, கஸ்டமர்தானே கட்டறார்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.